ரேஸ் ஃபில்டர் யாருக்கு?

வேகத்துக்காகவே ஒரு காரை வாங்கியவர்கள் இரண்டாவது சர்வீஸ் வருவதற்குள் ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள். கம்பெனி கொடுக்கிற ஆயில் ஃபில்டரே போதுமா, ரேஸ் கார்களுக்குப் போடுகிற மாதிரி ஒன்றை வாங்கி மாட்ட வேண்டுமா? போலோ ஜிடி, ஐ20 என் லைன், ஆக்டேவியா விஆர்எஸ் என்று டர்போ பெட்ரோல் கார்கள் நம் சாலைகளில் பெருகிய பிறகு இந்தக் கேள்வியும் பெருகிவிட்டது. கம்பெனி ஃபில்டர் சில நூறு ரூபாய். ‘ரேசிங்’ என்றும் ‘ஹை ஃப்ளோ’ என்றும் பெரிய எழுத்தில் அச்சிட்ட இறக்குமதிப் பெட்டி அதைப்போலப் பல மடங்கு விலை. காரின் மேல் ஆசை வைத்தவருக்கு இரண்டாவது பெட்டியின் பக்கம்தான் கை போகும்; இத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய காருக்கு ஃபில்டரில் என்ன கஞ்சத்தனம் என்று தோன்றும். ஆனால் சாலையில் ஓடும் காருக்கு அந்தப் பெட்டி பெரும்பாலும் ஒரு படி இறக்கம்தான் என்பது என் கட்சி. ஆயில் எவ்வளவு தாராளமாகப் பாய்கிறது என்று கேட்டு ஃபில்டர் வாங்குவது தப்பான இடத்தில் தொடங்குவது. எவ்வளவு சிறிய துகளைப் பிடிக்கிறது, எந்த அழுத்தத்தில் தன் பைபாஸ் வால்வைத் திறக்கிறது, அந்த இன்ஜினின் சூட்டைத் தாங்குமா என்பவைதான் கேட்க வேண்டியவை. இந்த மூன்றுக்கும் பதில் பெட்டியின் முன்பக்கத்தில் இருக்காது.

பழைய ஃபில்டர் ஒன்றைத் தகரம் வெட்டும் கருவியால் சுற்றி வெட்டித் திறந்தால் பாதி விஷயம் கண்ணுக்கே தெரிந்துவிடும். வெளியே தகர டப்பா. வாய்ப் பக்கத்தில் தடித்த இரும்புத் தட்டு. அதன் நடுவில் மரை வெட்டிய பெரிய துளை, அதைச் சுற்றி வட்டமாகச் சில சின்னத் துளைகள். பம்ப் தள்ளுகிற ஆயில் சின்னத் துளைகள் வழியாக உள்ளே வந்து, டப்பாவுக்கும் காகிதத்துக்கும் இடையில் நிரம்பி, காகிதத்தின் வெளிப்புறத்திலிருந்து உட்புறத்துக்கு ஊடுருவி, நடுவில் இருக்கும் துளையிட்ட குழாய்க்குள் சேர்ந்து, பெரிய துளை வழியாக இன்ஜினுக்குப் போகிறது. காகிதம் என்றால் நோட்டுப்புத்தகக் காகிதம் இல்லை. பிசின் ஊட்டிய நார்த்தாள். விசிறி போல மடித்து உருளையாகச் சுருட்டியிருப்பார்கள். பிரித்து நீட்டினால் ஒரு மீட்டருக்கு மேல் வரும். தட்டுக்கு அடியில் ரப்பர் வளையம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும்: இன்ஜின் நின்ற பிறகு டப்பாவிலிருக்கும் ஆயில் வந்த வழியே, இன்ஜினின் அடித்தொட்டியான சம்புக்கு வடிந்துவிடாமல் தடுக்கிற வால்வு அது. டப்பாவின் அடியிலோ வாயருகிலோ ஒரு சுருள்வில்லும் சிறிய மூடியும் இருக்கும். அதுதான் பைபாஸ் வால்வு. இவ்வளவுதான் ஃபில்டர். விலை வித்தியாசம் முழுவதும் இந்த ஐந்தாறு உறுப்புகளின் தரத்தில் இருக்க வேண்டும். வேறு எங்கும் இருக்க இடமில்லை.

பைபாஸ் வால்வு ஏன் வந்தது என்பதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. கார் இன்ஜினுக்கான ஆயில் ஃபில்டரை 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட் உருவாக்கி, பியூரோலேட்டர் என்று பெயர் வைத்தார். 1924-இல் வந்த முதல் கிறைஸ்லர் காரில் அது இடம் பிடித்தது. அந்தக் காலத்து ஃபில்டர்கள் பம்ப் தள்ளும் ஆயிலில் ஒரு சிறு பங்கை மட்டும் கிளை வழியாக வாங்கி வடிகட்டிச் சம்புக்கே திருப்பி அனுப்பின; பேரிங்குக்குப் போகும் ஆயிலில் பெரும்பகுதி வடிகட்டாமலே போனது. அது அடைத்துக்கொண்டாலும் இன்ஜினுக்கு ஆபத்தில்லை. பிறகு வந்த ஏற்பாட்டில், பேரிங்குக்குப் போகும் அத்தனை ஆயிலும் ஃபில்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். பாதுகாப்பு கூடியது, கூடவே ஒரு அபாயமும் சேர்ந்தது. ஃபில்டர் அடைத்தால் இன்ஜின் பட்டினி கிடக்கும். வடிகட்டாத ஆயில் கிடைப்பது ஆயிலே கிடைக்காமல் போவதைவிட மேல் என்பதால், காகிதத்தின் இரு பக்கத்துக்கும் இடையே அழுத்த வித்தியாசம் ஒரு வரம்பைத் தாண்டினால் திறந்துகொள்ளும் வால்வு ஒன்றை வைத்தார்கள். இன்றைய தேர்வில் இருக்கும் குழப்பத்தில் பாதி இந்த வால்வைச் சுற்றியே நடக்கிறது.

இனி ‘ஹை ஃப்ளோ’ என்ற சொல்லுக்கு வருவோம். நெருக்கமான காகிதம் ஆயிலை மெதுவாக விடும், அதனால் பேரிங்குக்கு ஆயில் குறையும் என்பது அதன் பின்னாலிருக்கும் பயம். நம் வீட்டுக் காபி ஃபில்டரை மனதில் வைத்துக்கொண்டு பார்ப்பதால் வருகிற பயம் இது. பொடி நைஸாக அரைத்திருந்தால் டிகாஷன் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். ஏனென்றால் அதைத் தள்ளுவதற்குத் தன் எடையைத் தவிர வேறு எதுவும் இல்லை. இன்ஜினில் நடப்பது வேறு. ஆயில் பம்ப் பல்சக்கரங்களால் ஆனது. ஒரு சுற்றுக்கு இத்தனை மில்லி என்று அள்ளி முன்னால் தள்ளும். எதிரில் தடை கூடினால் அளவைக் குறைக்காமல் அழுத்தத்தைக் கூட்டித் தள்ளும். ஆகவே சாதாரண ஓட்டத்தில் இன்ஜினுக்குள் எவ்வளவு ஆயில் போகிறது என்பதைத் தீர்மானிப்பது பம்பும் ஆர்பிஎம்மும் பேரிங் இடைவெளியும். ஃபில்டர் அந்தக் கணக்கில் கடைசி ஆள். நன்றாகச் சூடேறிய ஆயிலில், சுத்தமான ஃபில்டர் ஒன்றைக் கடக்கும்போது விழுகிற அழுத்தம் சில பிஎஸ்ஐ மட்டுமே. இன்ஜினின் மொத்த ஆயில் அழுத்தமோ வேகமான ஓட்டத்தில் 60, 70 பிஎஸ்ஐக்குப் போகும்.

இதற்கு விவரம் தெரிந்தவர்கள் ஒரு மறுப்பு சொல்வார்கள், அது நியாயமான மறுப்பு. ஆர்பிஎம் உச்சத்தில் பம்பின் சொந்த ரிலீஃப் வால்வு திறந்துவிடும். அதற்கு மேல் அழுத்தத்தைக் கூட்ட பம்பால் முடியாது. மிச்ச ஆயில் சம்புக்கே திரும்பும். அந்த நிலையில் ஃபில்டர் தின்கிற ஒவ்வொரு பிஎஸ்ஐயும் பேரிங்குக்குப் போய்ச்சேர வேண்டியதிலிருந்து கழிகிறது. உண்மைதான். ஆனால் கழிவது எவ்வளவு? 5 பிஎஸ்ஐ தின்கிற ஃபில்டருக்கும் 3 பிஎஸ்ஐ தின்கிற ஃபில்டருக்கும் வித்தியாசம் 2 பிஎஸ்ஐ. 70-இல் 2 குறைந்ததால் பேரிங் தேய்ந்த இன்ஜினைக் காட்டுவது கடினம். ஆயில் சூடு 110 டிகிரியிலிருந்து 130-க்கு ஏறினால் ஆயில் இளகிப்போய் அதைவிட அதிகமான அழுத்தம் விழுந்துவிடும். ஃப்ளோவைப் பற்றிக் கவலைப்படுகிறவர் ஆயில் கூலரைப் பற்றி யோசித்தால் பணம் உருப்படியாகச் செலவாகும்.

அப்படியானால் ஃபில்டரிடம் கேட்க வேண்டியது பிடிக்கும் திறன். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையில் விட்டிருக்கும் மொத்த இடைவெளியே அநேகமாக 25 முதல் 50 மைக்ரான்தான். கிராங்க் சுழலும்போது ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடும். பாரம் அதிகமாக விழும் அந்தப் பக்கத்தில் ஆயில் படலம் ஒன்றிரண்டு மைக்ரானுக்கு மெலிந்துவிடும். டர்போ இன்ஜினில் எரிப்பு அழுத்தம் கூடுதல் என்பதால் படலம் இன்னும் நசுங்கும். படலத்தைவிடச் சற்றுப் பெரிய துகள்தான் இரண்டு உலோகத்துக்கும் நடுவே பாலம் போட்டு உரசும். பேரிங்கின் மேல்பூச்சு மென்மையானது, சில துகள்களைத் தனக்குள் புதைத்துக்கொள்ளும். அளவு பெரிதானால் அதுவும் முடியாது. கிராங்கில் கோடு விழும். ஆக, கண்ணுக்கே தெரியாத, 5 முதல் 20 மைக்ரான் வரையுள்ள தூசிதான் எதிரி. கண்ணுக்குத் தெரிகிற சைஸ் துகளை எந்த மலிவு ஃபில்டரும் பிடித்துவிடும்.

இதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று, அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ 1988-இல் வெளியிட்ட ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வு. 40 மைக்ரான் ஃபில்டரோடு ஒப்பிட்டால், 30 மைக்ரான் ஃபில்டர் போட்ட இன்ஜினில் தேய்மானம் பாதியாகக் குறைந்தது. 15 மைக்ரானில் 70 சதவீதம் குறைந்தது. ஃபில்டர் விற்கிறவர்கள் இதை மந்திரம் போல் ஓதுவார்கள். கொஞ்சம் நிதானமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். சோதனையை விரைவுபடுத்த வேண்டுமென்றே ஆயிலில் தூசியைக் கலந்து ஓட்டினார்கள். எந்த வீட்டுக் காரும் அவ்வளவு மண்ணைத் தின்பதில்லை. தவிர, அந்த நிறுவனம் ஏசி என்ற பெயரில் ஃபில்டரும் விற்றுவந்தது. ஆகவே உங்கள் காரின் தேய்மானம் அப்படியே 70 சதவீதம் குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் இன்னும் சிறிய துகள்களைப் பிடித்தால் தேய்மானம் குறைகிறது என்ற திசையை அந்த விமர்சனங்கள் எதுவும் மாற்றவில்லை. பேரிங் இடைவெளியின் கணக்கும் அதே திசையைத்தான் காட்டுகிறது.

பெட்டியின் பின்பக்கத்தை இங்கேதான் கூர்ந்து படிக்க வேண்டும். ‘99 சதவீதம் வடிகட்டும்’ என்பது தனியாக நின்றால் வெறும் வார்த்தை. எத்தனை மைக்ரான் துகளில் 99 சதவீதம்? 20 மைக்ரானிலா, 30-லா, 40-லா? அதேபோல் ‘20 மைக்ரான் ஃபில்டர்’ என்பதும் அரைகுறைதான். 20 மைக்ரான் துகளில் பாதியை மட்டும் பிடிக்கிற ஃபில்டரையும் அப்படிச் சொல்லி விற்க வழக்கில் இடமிருக்கிறது. ஆயிரம் துகள் வந்தால் 99 சதவீத ஃபில்டர் 10-ஐ விடும். 95 சதவீத ஃபில்டர் 50-ஐ விடும். 50 சதவீத ஃபில்டர் 500-ஐ விடும். பார்வைக்கு 99-க்கும் 95-க்கும் நான்குதான் வித்தியாசம், பேரிங்குக்கோ ஐந்து மடங்கு. இதை ஒரே அளவுகோலில் அளக்க ஐஎஸ்ஓ 4548-12 என்ற சோதனை இருக்கிறது. அளவு தெரிந்த தூசியை ஆயிலில் தொடர்ந்து கலந்து, ஃபில்டருக்கு முன்னும் பின்னும் துகள்களை எண்ணுவார்கள். முதலில் அரிசோனா மண்ணிலிருந்து எடுத்துப் பழகிய தூசி அது. தார்ச்சாலை ஓரத்துப் புழுதியை நன்றாகவே பிரதிநிதித்துவம் செய்யும். மைக்ரான், சதவீதம், சோதனையின் பெயர் மூன்றையும் ஒரே வரியில் எழுதுகிற கம்பெனி நேர்மையான கம்பெனி. ‘ரேசிங்’ பெட்டிகளில் இந்த வரி பல நேரம் காணாமல் போயிருக்கும். அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

சம்பில் இருக்கும் நாலைந்து லிட்டர் ஆயிலும் வேகமான ஓட்டத்தில் நிமிடத்துக்குப் பல தடவை ஃபில்டரைக் கடக்கிறதே, முதல் தடவை தப்பிய துகள் மூன்றாவது தடவை மாட்டாதா, சதவீதத்துக்கு ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். மாட்டும்தான். ஆனால் ஃபில்டருக்கும் சம்புக்கும் நடுவில் இருப்பவை பேரிங்கும் டர்போவும் கேம் ஷாஃப்டும். தப்பிய துகள் ஒவ்வொரு சுற்றிலும் அவற்றின் வழியாகப் போய்த்தான் மறுபடி ஃபில்டருக்கு வரும். நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் சுற்றுகிற டர்போ தண்டுக்கு ஒரு தடவை கூடுதலாகத் தூசி காட்டுவதில் யாருக்கும் லாபமில்லை.

சரி, ரேஸ்காரர்கள் மட்டும் ஏன் தாராளமான ஃபில்டரைப் போடுகிறார்கள்? அவர்கள் முட்டாள்களா? இல்லவே இல்லை. அவர்களுடைய கணக்கு வேறு. இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ ஓடுகிற முழு ரேஸ் இன்ஜின் வருடக்கணக்கில் ஓடுவதற்காகக் கட்டப்பட்டதில்லை. குறிப்பிட்ட நேரம் ஓடியதும் பிரித்து, பேரிங்கை மாற்றி, மறுபடி கட்டிவிடுவார்கள். மெல்ல மெல்லத் தேய்க்கும் 15 மைக்ரான் தூசிக்கு அங்கே வேலை செய்ய அவகாசமே கிடைக்காது. அவர்கள் பயப்படுவது, ஓட்டத்தின் நடுவில் ஏதாவது உடைந்து உலோகச் சில்லுகள் ஆயிலில் கலப்பதற்கும், கெட்டியான ரேஸ் ஆயில் சூடேறும் முன் அழுத்தம் எகிறி ஃபில்டர் டப்பா வெடிப்பதற்கும். அதனால் தடித்த டப்பாவும் எஃகு வலையும் வைத்த, கழுவித் திரும்பப் போடக்கூடிய ஃபில்டரை விரும்புகிறார்கள். வலை 35 மைக்ரான் அளவிலும் இருக்கும், அதைவிடப் பெரிதாகவும் இருக்கும். ஓட்டம் முடிந்ததும் கழற்றி வலையில் என்ன மாட்டியிருக்கிறது என்று பார்ப்பது அவர்களுக்கு இன்ஜினின் நாடி பார்ப்பதற்குச் சமம். சில ஃபில்டர்களின் தலையில் ஓட்டை போட்ட நட் ஒன்று பற்றவைத்திருக்கும். பந்தய விதிகள் சில, முக்கியமாக பைக் பந்தயத்தில், ஃபில்டர் கழன்று டிராக்கில் ஆயில் கொட்டாமல் இருக்கக் கம்பி கட்டச் சொல்கின்றன. அந்த ஓட்டை அதற்காக. கழற்றச் சுலபம் என்பதைத் தவிர, ஆபீஸுக்குப் போகும் காருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டிய இன்ஜினுக்கு, சில மணி நேரம் ஓடும் இன்ஜினின் ஃபில்டரை மாட்டுவது இரண்டின் தேவையையும் புரிந்துகொள்ளாத செயல்.

அடுத்தது பைபாஸ் அழுத்தம். இதில்தான் ‘ஃபிட் ஆகுதே சார்’ என்ற வாக்கியம் விலை உயர்ந்ததாகிவிடுகிறது. ஹோண்டா, ஹூண்டாய், நிசான், சுபாரு ஆகியவற்றின் பல இன்ஜின்களில் ஃபில்டர் மரை ஒன்றே: 20 மில்லிமீட்டர் விட்டம், ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. ஒன்றின் ஃபில்டர் மற்றொன்றில் திருகி உட்கார்ந்துவிடும், கசியவும் கசியாது. ஆனால் உள்ளே இருக்கும் வில் வேறு. பரவலாகக் கிடைக்கும் ஃபில்டர்களில் அந்த வால்வு 12 முதல் 15 பிஎஸ்ஐ வித்தியாசத்தில் திறக்கும். சுபாருவின் டர்போ கார்களுக்கான ஒரிஜினல் ஃபில்டரில் அது சுமார் 23 பிஎஸ்ஐ. அந்தப் பம்ப் நிறைய ஆயிலைத் தள்ளுவதால் ஃபில்டருக்குக் குறுக்கே வித்தியாசம் இயல்பாகவே கூடும். அதில் 12 பிஎஸ்ஐ ஃபில்டரை மாட்டினால், காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களும், ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும் தருணங்களும், வால்வு திறந்து வடிகட்டாத ஆயில் போகும் நேரங்களாகிவிடும். அந்த ஃபில்டரின் காகிதம் 99 சதவீதம் பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன? ஆயில் அதன் வழியே போகவே இல்லையே. எதிர்த்திசையிலும் தவறு நேரும். காகிதத்துக்குப் பின்பலம் போதாத ஃபில்டரில் வால்வு மட்டும் விறைப்பாக இருந்தால் மடிப்புகள் நசுங்கிக் கிழியும். இன்னும் சில இன்ஜின்களில், பழைய ஷெவர்லே வி8 ஒரு உதாரணம், பைபாஸ் வால்வு இன்ஜின் பக்கத்திலேயே இருக்கும், ஃபில்டரில் இருக்க வேண்டியதில்லை. ஆக, மரையும் ரப்பர் வளையத்தின் விட்டமும் பொருந்துவது தகுதியே ஆகாது. கம்பெனி ஃபில்டரின் பார்ட் நம்பரை வைத்து, அதற்கு மாற்று என்று தயாரிப்பாளரே பட்டியலிட்டதை மட்டும் வாங்க வேண்டும். பட்டியலில் பைபாஸ் அழுத்தம் அச்சிட்டிருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பைபாஸ் திறப்பதில் ஃபில்டருக்கு இருக்கும் பங்கைவிட ஓட்டுகிறவர் காலுக்குப் பங்கு அதிகம். 5டபிள்யூ-30 ஆயில் 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஏறக்குறைய ஆறு மடங்கு கெட்டி. ஊட்டிக் குளிரில் கேட்கவே வேண்டாம். கெட்டி ஆயிலை அதிக ஆர்பிஎம்மில் தள்ளினால் எந்த ஃபில்டராக இருந்தாலும் அழுத்த வித்தியாசம் எகிறும். 10டபிள்யூ-60 என்ற கனத்த ஆயிலைக் கேட்ட பிஎம்டபிள்யூ எம்3 (இ46), ஆர்பிஎம் மீட்டரிலேயே விளக்குகளை வைத்து இதைச் சொல்லிக்கொடுத்தது: ஆயில் சூடேறச் சூடேற மேல் எல்லை விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும், அதுவரை உச்சத்துக்குப் போகக் கூடாது. அந்த விளக்கு இல்லாத காரிலும் முதல் ஐந்தாறு கிலோமீட்டர் நிதானம் கடைப்பிடிப்பவர், எந்த விலையுயர்ந்த ஃபில்டரும் தர முடியாத பாதுகாப்பை இலவசமாகப் பெறுகிறார். கூலன்ட் முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் சூடேறப் பல நிமிடம் பிடிக்கும் என்பதை மறக்கக் கூடாது.

சூட்டு விஷயத்தில் மட்டும் வேகக் காருக்கு உண்மையாகவே தனித் தேவை இருக்கிறது. இங்கே கூடுதல் விலை கொடுப்பதை நான் ஆதரிப்பேன். டிராக் நாளில் ஆயில் 130 டிகிரியைத் தொடுவது அதிசயமில்லை. சாதாரண நார்க்காகிதம் நெடுநாள் சூட்டில் மொரமொரப்பாகி மடிப்பு முனையில் விரிசல் விடும்; மலிவு ஃபில்டரின் நைட்ரைல் ரப்பர் விறைத்துப்போய்த் தன் அடைப்பு வேலையை விட்டுவிடும். கம்பி வலைப் பின்பலத்தோடு செயற்கை இழைத்தாள், சிலிக்கோன் ரப்பர் வால்வு இரண்டும் இருக்கிற ஃபில்டர் இந்தச் சூட்டைத் தாங்கும். நுண்துகளையும் பிடிக்கும், தடையும் அதிகமிருக்காது. ஃப்ளோ வேண்டும் என்கிறவருக்கும் பிடிமானம் வேண்டும் என்கிறவருக்கும் ஒரே பொருளில் பதில் கிடைக்கிறது. ஃபில்டர் படுக்கைவாட்டில் மாட்டப்பட்ட இன்ஜினில் ரப்பர் வால்வு முக்கியம்; விறைத்துவிட்டால் ஒவ்வொரு காலையும் காலி டப்பா நிரம்பும்வரை கடகட சத்தம் கேட்கும். வாய் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கிற இடத்தில் அதற்கு வேலையே குறைவு. ஆக்டேவியா விஆர்எஸ் போன்ற பல ஐரோப்பிய கார்களில் டப்பாவே கிடையாது. பிளாஸ்டிக் மூடிக்குள் காகித உருளையை மட்டும் மாற்ற வேண்டும். பைபாஸ் வால்வு கூட்டோடு நிரந்தரமாக இருப்பதால் அதில் தவறு செய்ய வழியில்லை. அங்கே பார்க்க வேண்டியது காகிதத்தின் தரமும், மூடியின் ஓ-ரிங்கைப் புதிதாகப் போட்டார்களா என்பதும்தான்.

கம்பெனி ஃபில்டரைப் பற்றி எதிர்க்கட்சிக்கு இன்னொரு வாதம் உண்டு. கார் கம்பெனி ஐந்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் பார்க்கும். வாரன்டி காலம் தாண்டினால் போதும் என்று ஃபில்டரைச் செய்திருக்கும். இதில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். பல ஒரிஜினல் ஃபில்டர்களின் பிடிக்கும் திறன், நல்ல செயற்கை இழை ஃபில்டரைவிடக் குறைவுதான். ஆனால் கம்பெனிக்கு அந்த இன்ஜினின் பம்ப் எவ்வளவு தள்ளும், எந்தக் குளிரில் பைபாஸ் திறக்க வேண்டும் என்பதெல்லாம் தெரியும். அதற்கேற்ற வில்லை அது வைத்திருக்கிறது. அதைவிட மேலான ஃபில்டர் வேண்டுமென்றால் அந்தத் தகவலைக் காப்பாற்றிக்கொண்டு காகிதத்தில் மட்டும் மேலே போக வேண்டும். நம் ஊரில் பெரிய ஆபத்து கம்பெனி ஃபில்டர் அல்ல, கம்பெனி பெயரில் வருகிற டூப்ளிகேட். வெளியே அச்சு அசலாக இருக்கும். உள்ளே மடிப்புகள் பாதி, பிசின் ஒட்டாத ஓரம், சில சமயம் பைபாஸ் வால்வே பொம்மை. தயாரிப்பாளர் முகவரி, தயாரித்த மாதம், எம்ஆர்பி, புகார் தொடர்பு எல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும் என்பது சட்டம். எழுத்து மங்கலாகவோ ஏதாவது ஒன்று விடுபட்டோ இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வைத்துவிட்டு வர வேண்டும். பில் இல்லாமல் ‘ஒரிஜினல்’ கிடையாது.

நுண்மையாக வடிகட்டுவதே எங்கும் நல்லது என்று இதிலிருந்து முடிவுகட்டினாலும் தப்பு. சுபாருவின் பழைய இஜே ரக டர்போ இன்ஜின்களில், டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் குழாயின் போல்ட்டுக்குள் ஒரு சிறு சல்லடை இருந்தது. அதற்கு பைபாஸ் கிடையாது. ஆயில் மாற்றுவதில் அசட்டை காட்டிய கார்களில் அது அடைத்து டர்போவைப் பட்டினி போட்டது. வடிகட்டுவதற்கு இடம் உண்டு, பரப்பு உண்டு, தப்பிக்கும் வழி உண்டு. மூன்றும் கூடிய இடம் மெயின் ஃபில்டர்தான். கடையில் கிடைக்கிறதென்று டர்போ குழாயில் கூடுதல் வலை மாட்டுவது வம்பை விலைக்கு வாங்குவது. ரேஸ் ஃபில்டர் தேடும் இதே ஆர்வலர்கள் காற்று ஃபில்டரையும் எடுத்துவிட்டு, எண்ணெய் தடவிய பருத்தித் துணியால் ஆன திறந்த ஃபில்டரை மாட்டியிருப்பார்கள். ஆயிலில் சேரும் மணலில் பெரும்பகுதி காற்று வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. வாசலையும் திறந்து வைத்து, உள்ளே காவல்காரரையும் மாற்றிவிட்டால் யாரைக் குறை சொல்வது?

கடைசியில், ஃபில்டரால் நேரடியாகச் செத்த இன்ஜின்களைப் பற்றி விசாரித்தால் பிராண்ட் பெயரைவிட மாட்டிய கை பற்றிய கதைகளே அதிகம் கிடைக்கும். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் மட்டும் இன்ஜினில் ஒட்டிக்கொண்டுவிடும். அதைக் கவனிக்காமல் புதியதைத் திருகினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும். ஐடிலில் கசியாது, நெடுஞ்சாலையில் அழுத்தம் ஏறியதும் வளையம் பிதுங்கி, சில நிமிடத்தில் சம்ப் காலி. அதனால் பழைய ஃபில்டரின் வாயில் வளையம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் புதியதைக் கையில் எடுக்க வேண்டும். வளையத்தில் விரலால் புது ஆயில் தடவி, இன்ஜினைத் தொட்ட பிறகு டப்பாவில் எழுதியிருக்கும் அளவு, பெரும்பாலும் முக்கால் சுற்று, கையாலேயே திருக வேண்டும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் அடுத்த தடவை கழற்றும்போது டப்பா கிழியும். ஸ்டார்ட் செய்து, ஆயில் விளக்கு அணையும்வரை ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இருந்து, அடியில் குனிந்து ஒரு முறை பார்க்க வேண்டும். பழைய ஃபில்டரைத் தூக்கிப்போடும் முன் மெக்கானிக்கிடம் வெட்டித் தரச் சொல்லலாம். மடிப்புகளைப் பிழிந்து வெயிலில் விரித்தால், கரி மட்டும் இருந்தால் கவலையில்லை. காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்பு, ஒட்டாமல் செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ மினுங்கும் செதில் பேரிங்கிலிருந்து வந்ததாக இருக்கலாம். அது கொஞ்சம் தென்பட்டாலும் அடுத்த டிராக் நாளுக்குப் பணம் கட்டுவதை நிறுத்திவிட்டு சம்பைக் கழற்றிப் பார்க்கச் சொல்வது நல்லது.